பெயர் வைக்காத நீர் உண்ணி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் பேருந்தில் நடந்தது இது. அந்தப் பாதையில் அந்த மாதத்தில் போனவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருபுறமும் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரிதான்.

நான் அப்போது தூத்துக்குடியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. வீடு கடம்பூர் பக்கம் ஒரு கிராமம். ஆடு வளர்க்கிற குடும்பம். நான் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி நீர் உண்ணி. ஆட்டின் காதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அந்த உண்ணிக்கு இது தூரத்துச் சொந்தம். தண்ணீருக்குள் வாழும், கடுகில் பாதிகூட இருக்காது. இதை ஊரில் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "ஆட்டுல உண்ணி புடுங்குத வீட்டுப் புள்ள, உண்ணி தேடிக் கப்பலேறிப் போயிருக்கா" என்று சித்தப்பா டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கப்பலேறிப் போனது நிஜம்தான். பேராசிரியரோடு அந்தமான் போய், ஒரு தீவின் காட்டோடைகளில் தேடினோம். கூழாங்கற்களை வலைக்கு மேலே வைத்துக் கழுவி, வலையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால், சிவப்புப் பொட்டுகள் விறுவிறுவென்று ஓடும். ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். அங்கே முழங்காலளவு ஓடுகிற தண்ணீரில் நாள் முழுக்க நின்றேன். கரையேறச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த ஓடையில் கிடைத்த ஒன்று, அதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம் என்று பேராசிரியர் உறுதிசெய்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புது இனம் என்று வாயால் சொன்னால் ஆயிற்றா? உறுப்பு உறுப்பாக வரைந்து, அளந்து, பெயர் வைத்து எழுத வேண்டும். எழுதியதற்குச் சாட்சியாக அந்த உடலையே அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்த வகையில் பெண் உண்ணியைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது, ஆண் உண்ணி வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆண். அதைக் கண்ணாடித் தகட்டில் கிளிசரின் ஜெல்லிக்குள் பதித்து, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, ஓரமெல்லாம் நகப்பூச்சு பூசி மூடியிருந்தேன். பெயரும் மனதுக்குள் முடிவாகிவிட்டது. அது என் அம்மாவின் பெயர். அச்சில் வந்த பிறகு காட்டலாம் என்று அவளிடம் சொல்லவில்லை.

விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். அதனால் தகட்டுப் பெட்டியோடு ஊருக்கு வந்து, கோவில்பட்டியில் தெரிந்தவர் ஒருவரின் மைக்ராஸ்கோப்பில் மிச்சப் படங்களை வரைந்து முடித்தேன். சூடு பட்டால் ஜெல்லி இளகிவிடும் என்பதால், வீட்டில் பெட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணல் மேல் வைத்திருந்தோம். பானைக்கே தண்ணீர் பற்றாத நாட்களிலும் அம்மா அந்த மணலைக் காய விடவில்லை. காலையில் எழுந்ததும், "பேரு வச்சாச்சாட்டி?" என்று கேட்பாள். "இன்னும் இல்லம்மா" என்பேன்.

ஆய்வகம் திறக்கும் நாள் வந்ததும் பெட்டியை ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அன்று பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "இங்கன குடு தாயி, நான் வச்சுக்கிடுதேன்" என்று கை நீட்டினாள். "கண்ணாடிச் சாமான் இருக்குக்கா, பாத்து" என்று சொல்லிக் கொடுத்தேன். பேராசிரியருக்கு வாங்கிய கடம்பூர் போளியும் அதே பையில்தான் இருந்தது. எட்டயபுரத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் நான் பின்னால் போய்விட்டேன். பை மடியில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்ந்தேன்.

தூத்துக்குடியில் இறங்கும்போதுதான் பார்த்தேன். குழந்தை அழுதிருக்கிறது. அதை மடியில் போட்டுக்கொள்ள வேண்டி, பையை டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள். சும்மா வைக்கவில்லை. கண்ணாடி அதிராமல் இருக்கக் குழந்தையின் துணியை மடித்து அடியில் கொடுத்து, வழியெல்லாம் ஒரு கையால் அழுத்திப் பிடித்தே வந்திருக்கிறாள். "ஒரு குலுக்கல் இல்லாம கொண்டாந்திருக்கேன் பாரு" என்று சிரித்தாள்.

பைக்குள் கையை விட்டேன். போளி, அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்தது போலச் சுட்டது.

ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது ஜெல்லி உருகி வழிந்து, மூடுகண்ணாடிகள் நழுவி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தக் கசிவைத் துளித் துளியாக எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துத் தேடினேன். கண் வீங்கும்வரை தேடினேன். ஒரு கால் கிடைத்தது, அவ்வளவுதான். பேராசிரியர் திட்டவில்லை. "படம் இருக்கு, ஆனா சாட்சி போயிருச்சேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. எனக்கும் யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது? குழந்தையையும் பார்த்துக்கொண்டு என் பையையும் கைவலிக்கப் பிடித்து வந்தவளையா?

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பானைக்கடியில் அந்த மணல் ஈரமாகவே இருந்தது. "பேரு வைக்கதுக்கு முன்னாலயே போயிட்டா?" என்றாள். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஒனக்கு முன்னால எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சு. பேரு வைக்காத புள்ளைக்கு அழக்கூட ஆளு கெடையாதுட்டி. நான் மட்டும் மனசுக்குள்ள ஒரு பேரு வச்சிருந்தேன்."

அதுவரை எனக்குத் தெரியாது. என்ன பேர் என்று கேட்டேன்.

"ஒம் பேருதான்" என்றாள்.

மறுபடி அந்தத் தீவுக்குப் போக எனக்கு வாய்ப்பு வரவில்லை. ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. சில வருடங்கள் கழித்து அங்கே வேலைக்குப் போன தோழி சொன்னாள், ஊருக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக அந்த ஓடையை மேலேயே மறித்துத் தொட்டி கட்டிவிட்டார்களாம். கீழே வெறும் கல்தானாம். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள், அதற்கு மட்டும் எப்படிக் கோபப்படுவேன்?

இப்போதும் பேருந்தில் யாராவது பையை நீட்டினால் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன், கால் மரத்தாலும் கீழே இறக்குவதில்லை. அம்மா சேர்த்து வைத்திருந்த பெயரை வாங்கிக்கொள்ள அவளுக்கு நான் பிறந்தேன். நான் சேர்த்து வைத்த பெயரை வாங்கிக்கொள்ள எந்த ஓடையிலிருந்தும் எதுவும் வரவில்லை.