வியாழக்கிழமைக் குறிப்பு

அந்தக் குறிப்பு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. முதலில் எழுதியது நான்கே வரி. தலையில் ஒரு பச்சை டிக். அலுவலகத்துக்கு வந்து மின்விசிறியைப் போட்டு நாற்காலியை இழுப்பதற்குள் என் கை அதைத் திறந்துவிடுகிறது. புதிதாகப் படிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். "நோக்கு ஒரு நிமிஷம் கையை வெச்சுண்டு சும்மா இருக்க முடியாதோடீ" என்று அம்மா சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். முடியாது. எல்லா வினையும் அதனால் வந்ததுதான்.

பாலக்காட்டில் ஒரு பால் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. வேலந்தாவளம் வரைக்கும் எல்லையோர ஊர்களில் எங்களுக்குப் பால் சென்டர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாலைச் சோதிக்கிற ஒரு மெஷின். எது கெட்டாலும் சென்டர்காரர்கள் பராதி, அதாவது புகார், பதிகிற எங்கள் மென்பொருளில் ஒரு டிக்கெட் போட வேண்டும் என்பது சட்டம். அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒருவரும் போட மாட்டார்கள். எல்லோரும் சூப்பர்வைசர் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா அந்தப் பக்கத்து மனுஷி. ஸ்கூட்டரில் சென்டர் சென்டராகப் போவாள். போனை ஒரு ரப்பர் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பாள். எங்கே நின்றாலும் அதை எடுத்துக் குறிப்பெழுதும் செயலியில் தட்டுவாள். சென்டருக்கு ஒரு நாளைக்கு ஒரு குறிப்பு. அதில் எல்லாம் கலந்து கிடக்கும். பிரிண்டர் மை தீர்ந்தது, ஆபரேட்டர் பெண்ணுக்கு ஏழாம் மாதம், இன்னாருடைய மாடு சினை நிற்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக அணைகிறது. சாயங்காலம் போனில் எனக்கு முழுவதையும் வாசிப்பாள். நான் மாட்டையும் மாசத்தையும் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் பொறுக்கி டிக்கெட்டில் ஏற்றுவேன். "அக்கா, மெஷினைத் தனியா எழுதப்படாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "அங்க எல்லாம் ஒண்ணாத்தானுங்க அம்மிணி நடக்குது. நான் எப்படிப் பிரிச்சு எழுதறது?" என்றாள்.

எனக்கு அந்த அரைமணி நேரம் முள்மேல் இருப்பதுபோல் இருக்கும். குறிப்பு ஒரு பக்கம், டிக்கெட் ஒரு பக்கம், நடுவில் நான் ஒரு குமாஸ்தா. இரண்டையும் கோத்துவிட்டால் என்ன? தானாக ஓடுகிற ஒரு வொர்க்ஃப்ளோவை எழுத உட்கார்ந்தேன். அக்கா குறிப்பின் அடியில் 'கம்ப்யூட்டர்' என்று ஒரு அடையாளம் போட்டால் போதும். முதல் வரி தலைப்பாகி டிக்கெட் தானாக எழும். நான் டிக்கெட்டை முடித்ததும் குறிப்பின் தலையில் பச்சை டிக் விழுந்து, அது 'முடிந்தவை' என்ற பெட்டிக்குப் போய்விடும். அந்தக் கடைசிப் படியை யாரும் கேட்கவில்லை. முடிந்தது கண்ணில் படாமல் போனால் அழகாக இருக்கும் என்று நானே சேர்த்தேன்.

நன்றாகத்தான் ஓடியது. மேனேஜர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்காவும் சிரித்தாள். "இனி பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றாள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வேலந்தாவளத்தை ஒட்டிய ஒரு சென்டரில் பால் ஊற்றுகிற ஒரு அம்மாளை எல்லோரும் 'நாற்பத்தொன்று' என்பார்கள். அது அவளுடைய உறுப்பினர் எண். அங்கே பெயரைவிட எண்தான் முதலில் வாயில் வரும். ஒரு மாடு வைத்திருந்தாள். பால் ஊற்றிய கையோடு தோப்பு வேலைக்கு ஓட வேண்டியிருந்ததால் காலையில் வரிசையில் எப்போதும் அவள்தான் முதல். ஒரு வாரத்தில் இரண்டு முறை மெஷின் அவளுடைய பாலில் தண்ணீர் என்று காட்டியது. மூன்றாவது முறை காட்டினால் பாலைத் திருப்பிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அக்கா அங்கே போயிருந்தபோது எழுதிய குறிப்புதான் இது:

பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது.
நாற்பத்தொன்று பாலில் தண்ணி காட்டுது. அந்தம்மா அழுதுச்சு.
வியாழன் காலை நானே வந்து கையால் சோதிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். அது வரைக்கும் திருப்ப வேண்டாம்னு ஆபரேட்டருக்கும் சொல்லோணும்.
கம்ப்யூட்டர்.

எனக்கு வந்த டிக்கெட்டின் தலைப்பு: பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது. நான் இங்கிருந்தே ஆபரேட்டருக்குப் போனில் சொல்லிக் காகிதத்தை எடுக்கவைத்தேன். பத்து நிமிட வேலை. தலைப்புக்குக் கீழே நான் படிக்கவே இல்லை. முடித்தேன். டிக் விழுந்தது. அக்காவின் கண்ணில் படாமல் குறிப்பு முடிந்தவை பெட்டிக்குப் போய்விட்டது.

அக்கா ஞாபகத்தை நம்பி நடக்கிறவள் அல்ல. காலையில் போனைத் திறந்தவுடன் எது கண்ணில் படுகிறதோ அதுவே அன்றைய வழி. வியாழக்கிழமை அந்த வழியில் இந்தச் சென்டர் இல்லை. வேறு பக்கம் போய்விட்டாள். ஆபரேட்டருக்கும் சொல்லவில்லை. மெஷின் மூன்றாவது முறையும் தண்ணீர் என்றது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் நாற்பத்தொன்றின் பால் கேன் திரும்பிப் போனது. பால்காரிக்குத் தண்ணீர் கலந்தாள் என்ற பேரைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் இல்லை. அடுத்த சந்தையிலேயே மாட்டைக் கொண்டுபோய் விற்றுவிட்டாள்.

மறுவாரம் வரிசையில் வேறொருவர் முதல் ஆளாக நின்றார். அவர் பாலிலும் தண்ணீர். அவர் போட்ட சத்தத்தில்தான் மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். கழுவுகிற தண்ணீர் வெளியேறும் குழாய் சில நாள் அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்த நாளில் உள்ளே தங்கிய தண்ணீர், காலையில் யார் முதலில் ஊற்றினாலும் அவர் பாலோடு கலந்தது. நாற்பத்தொன்று செய்த ஒரே குற்றம் முதலில் வந்தது.

அக்கா அன்று என் மேசைக்கு வந்து, "என் செவ்வாக்கெழமக் குறிப்பு எங்கீங்க?" என்றாள். முடிந்தவை பெட்டியைத் திறந்து காட்டினேன். பச்சை டிக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நாலு பேர் முன்னாடி போட்ட பழிய நாலு பேர் முன்னாடிதானுங்க எடுக்கோணும். நாளைக்குக் காலைல போறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை பால் ஊற்றும் நேரத்தில், அந்த அம்மாளை வீட்டிலிருந்து அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அக்கா வரிசையைப் பார்த்துப் பேசினாள். "இந்தம்மா தண்ணி கலக்கலீங்க. தப்பு மெஷினோடது. வர்றேன்னு சொல்லிப்போட்டு வராதது என்னோட தப்பு." அவ்வளவுதான். என் டிக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிசையில் ஒரு பெரியவர், "நீங்களே இப்படிப் பண்ணுனா யாரைத்தானுங்க நம்பறது?" என்று கேட்டார். அந்த அம்மாள் என்னைக் காட்டி, "இவிங்க யாருங்க?" என்றாள். "கம்ப்யூட்டர் பாக்கற அம்மிணி. கூட வந்துருக்குது" என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. நான் மெஷினின் குழாயைக் குனிந்து பார்ப்பதுபோல் நடித்தேன்.

அதற்குப் பிறகு அக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஆனைகட்டிப் பக்கம் மாறிப் போனாள். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த ஊரில் நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் வொர்க்ஃப்ளோவைத் திருத்தினேன். இப்போது குறிப்பு எழுதியவர் 'ஆச்சு' என்றால்தான் டிக் விழும், அவர் எடுத்தால்தான் போகும். ஓட்டம் சீராக இருக்கிறது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பழைய டிக்கெட்டை மறுபடி திறந்தேன். திறப்பதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. 'அன்று அக்கா வராததற்குக் காரணம் நான். கீழே படிக்காமல் முடித்துவிட்டேன். அங்கே நின்றும் சொல்லவில்லை' என்று எழுதி அனுப்பினேன். நான் கட்டிய ஓட்டம் தன் வேலையைச் செய்தது. அந்த வரிகளை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் குறிப்பில் ஒட்டியது. சற்று நேரத்தில் அதற்கடியில் அவளுடைய பதில் வந்தது.

"இது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க அம்மிணி. என்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? அந்தம்மா வேற மாடு புடிச்சிருக்குது. வியாழக்கெழம காலைல பால் ஊத்த வருது. முதல் ஆளாத்தான் நிக்கும்."

இன்று புதன்கிழமை. குறிப்பைக் காலையிலிருந்து எத்தனை முறை திறந்தேன் என்று தெரியவில்லை. பச்சை டிக் இன்னும் போகவில்லை. அதை எடுக்க வேண்டியவள் அக்கா; அவள் பங்கு முடிந்துவிட்டது, எடுக்க மாட்டாள். வேலந்தாவளத்துக்கு விடிகாலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.