மாலை போட்ட வருஷத்துச் செலக்‌ஷன்

கல்லூரியில் நான் கபடி ஆடியது இரண்டரை வருஷம்தான். நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில், அறுப்பு முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன். படிப்பு சுமார். ரெய்டு போனால் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், அதற்காகத்தான் தஞ்சாவூரில் சீட்டே கொடுத்தார்கள். பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே நினைப்பு.

மூன்றாம் வருஷம், மார்கழியில் செலக்‌ஷன் என்றார்கள். என்னை அணியில் எடுத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மலைக்குப் போய்வரும்வரை காலில் எதுவும் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வயலில் என்றால் கவலையில்லை. செலக்‌ஷன் நடப்பதோ ரப்பர் விரிப்பில். ஷூ இல்லாமல் இறங்கினால் வேர்த்த பாதம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

“ஷூவைப் போடுடா. சாமி ஒண்ணும் கோச்சுக்காது” என்றார் கோச்.

“வேணாம் சார். அவர்கிட்ட வேண்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“மேட்ச்சுல இப்படி விடமாட்டாங்க, தெரியும்ல?”

“அதுக்குள்ள மலைக்குப் போயிட்டு வந்துடுவேன் சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே விசிலை எடுத்தார்.

எதிர்ப்பக்கம் ஓரத்தில் நின்றவன் என் ஹாஸ்டல் அறைக்காரன். மாலை போட்டதிலிருந்து என்னை சாமி என்றுதான் கூப்பிடுவான்.

“சாமி காலைப் புடிச்சா புண்ணியமாமே, இன்னைக்கு விடமாட்டேன்” என்றான்.

“பாதத் தூசிகூட கிடைக்காது, போடா.”

எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் ரெய்டு நன்றாகவே போனது. அடுத்ததில் வேறொருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அறைக்காரன் பாய்ந்து என் இடது கணுக்காலைப் பிடித்தான். வயலில் செய்வதுபோல உடம்பைச் சுழற்றினேன். மண்ணாக இருந்தால் பாதமும் கூடவே வழுக்கியிருக்கும். இங்கே பாதம் ஒட்டி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் கேட்ட சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டான். “சும்மாதான் சாமி புடிச்சேன், சும்மாதான்” என்று ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். இந்த வருஷம் மலையேற முடியாது என்பதால் அம்மாவே சரணம் சொல்லி மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். “அடுத்த வருஷம் போய்க்கலாம்” என்றாள். ஆபரேஷன் செய்தும் முட்டி முழுசாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஆடவில்லை, மலைக்கும் போகவில்லை. அவன் அணிக்குத் தேர்வானான். இப்போது போலீஸில் இருக்கிறான்.

கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காகச் சாமியை விட்டுவிட முடியுமா? வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது. கார்த்திகையில் மாலை போட்டவர்களை அழைத்துச் சாப்பாடு போடுகிறோம். போன வருஷம் அவனும் மாலையோடு வந்தான். வந்த சாமியின் காலை வீட்டுக்காரன்தான் கழுவ வேண்டும். செம்போடு போனேன். குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. என் மனைவி செம்பை வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்மா, நானே ஊத்திக்கிறேன்” என்று அவன் காலை இழுத்துக்கொண்டான்.

“காட்டுங்க சாமி, வழக்கம்தானே” என்றாள் அவள்.

காட்டினான். அவள் கழுவி முடிக்கும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பார்வை என் முட்டியை விட்டு நகரவே இல்லை.

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். “டூட்டிக்கு எப்படி சாமி, வெறுங்காலா?”

அவன் குனிந்துகொண்டான்.

“டூட்டியில ஷூ போட்டுக்கிறேன் மச்சான்.”

இலை போடச் சொன்னேன்.