குடையோடு கிளம்பிய அம்மா

ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியதும், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள மாரியக்காவை அமர்த்தினேன். "அம்மா சொல்றதைத் தட்டாமக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ரிக்‌ஷாவைக் கூப்பிடுன்னாக. நாந்தேன் ஏத்திவிட்டேன்" என்றார் மாரியக்கா.

பழங்காநத்தத்தில் அம்மா முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு ஓடினேன். கோடை விடுமுறை. பூட்டிய கேட் முன்னால், கொதிக்கும் வெயிலில், குடையோடு நின்றிருந்தார்.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன், கேட்டைத் திறக்க ஆளில்லை!"

மாரியக்காவைத் திட்ட வாய் வரவில்லை. தட்டாமல் கேட்கச் சொன்னவள் நான்தானே? ஒரு வாரம் லீவு போட்டு, கூடவே இருந்து, அம்மாவிடம் மறுத்துப் பேச அவரைப் பழக்கினேன்.

இப்போது அம்மா குடையை எடுத்தால், மாரியக்கா வாசலை மறித்து நின்று, "இன்னைக்கு லீவு, டீச்சர்" என்கிறார்.