இருட்டாத ஊருக்கு இரண்டு டிக்கெட்

போன வாரம் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன்.

செஞ்சியில் மத்தியான வெயில் எப்படி என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே இருந்து அடிப்பது பாதி, மலைப் பாறையில் பட்டுத் திரும்பி வருவது மீதி. அந்த நேரத்தில் தடி ஸ்வெட்டர்கள், கம்பளிக் குல்லா, கையுறை, மஃப்ளர் என்று ஒவ்வொன்றாகக் கட்டைப் பையிலிருந்து எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். பார்த்த கடைக்காரருக்கே வியர்த்துவிட்டது.

"இன்னாம்மா, காசி டூர் கேன்சலா?"

எங்கள் ஊரில் ஸ்வெட்டர் வாங்குகிறவர்கள் இரண்டே ரகம். காசி, கேதார்நாத் என்று கிளம்புகிறவர்கள்... இல்லையென்றால், புதுசாகக் கல்யாணமாகி ஊட்டிக்குப் போகிறவர்கள். என்னைப் பார்த்து ஊட்டி என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை போல.

"கேன்சல் இல்லீங்க. போற மாசத்தை மாத்திட்டோம்," என்றேன்.

ஏன் மாற்றினோம் என்பதைக் கடையில் நின்று சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

என் மகள் தேன்மொழி நர்ஸ். கனடாவில் வேலை. கனடா என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் தமிழ்க் கடைகளும் இருக்கிற ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து வடக்கே, இன்னும் வடக்கே... யெல்லோநைஃப் என்று ஓர் ஊர். என் வீட்டுக்காரர் ஏழுமலை, பேரைக் கேட்ட அன்றைக்கே அதைத் தமிழாக்கிவிட்டார் — மஞ்சக்கத்தி. "மஞ்சக்கத்தியில இன்னிக்கி இன்னா கொழம்பாம்?" என்றுதான் மகளை விசாரிப்பார்.

மேப்பில் அந்த ஊரைத் தேடினால் கொஞ்சம் பயமாக இருக்கும். மற்ற ஊர்ப் பேர்கள் எல்லாம் கீழேயே நின்றுவிடுகின்றன. மேலே போகப் போக வெறும் பச்சை, வெறும் நீலம். அந்த நீலத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. அதுதான் ஊர். ஜனத்தொகை நம்ம செஞ்சி அளவுகூட இல்லை. அங்கே போய்ச் சேர நாலு விமானம் மாற வேண்டும்.

அந்த நீலம் இருக்கிறதே — அது ஏரி.

நான் பனமலைக்காரி. ஏரிக்கரையில் வளர்ந்தவள். ஏரி என்றால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. இந்தக் கரையில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால், அந்தக் கரையில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும். தேனு அனுப்பிய வீடியோவில் அந்தக் கரையே இல்லை!

"இன்னாடி, கடலா?"

"ஏரிம்மா. நம்ம விழுப்புரம் மாவட்டத்தை அப்படியே தூக்கி அஞ்சாறு தடவ உள்ள போடலாம்."

மாவட்டத்தையே விழுங்கும் ஏரியா? அன்றைக்கு நான் செய்த ரசத்தில் உப்பே போடவில்லை. அவ்வளவு பிரமிப்பு.

சரி, இத்தனை தூரம் போகிற ஆசை எங்களுக்கு எப்படி வந்தது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதிலும் நைட் சர்வீஸ். சென்னையிலிருந்து திருவண்ணாமலை. "ராத்திரி ரோடுதான் ரோடு. பகல்ல இருக்கறது ரோடு இல்ல, சந்தை" என்பார். இருட்டு, ஹெட்லைட், தூங்குகிற ஜனம், தன்னை நம்பி ஒரு பஸ். அந்த வேலையை அவர் அவ்வளவு நேசித்தார்.

அதை எப்படி விட்டார் என்று இதுவரை நான் எழுதியதில்லை. எழுத அவர் விடவில்லை. இப்போது அனுமதி வாங்கிவிட்டேன்.

ஒரு ராத்திரி. மழையில்லை, பனியில்லை. திண்டிவனம் தாண்டி பஸ் வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ரோட்டோர வெள்ளைக்கோடு இவருக்குத் தெரியவில்லை. ஹெட்லைட் மங்கல் என்று நினைத்திருக்கிறார். கண்டக்டர் காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "லைட்டு நல்லாத்தான இருக்குது டிரைவரே" என்றிருக்கிறார். இவர் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"பாய், எனக்குக் கண்ணு தெரியல. வண்டி இதுக்கு மேல போவாது."

பயணிகள் சத்தம் போட்டார்கள். இவர் அசையவில்லை. பின்னால் வந்த பஸ்களில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, விடியும்வரை காலி பஸ்ஸில் காதர் பாயோடு உட்கார்ந்திருந்தார். காலையில் டெப்போவுக்குப் போய் அவரே சொன்னார். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ரிட்டயர் ஆகும்வரை டெப்போவுக்கு உள்ளே வேலை.

மாலைக்கண். விழித்திரைக் கோளாறு, இப்போதைக்கு மருந்து கிடையாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இவர் வெளியே வரமாட்டார். கல்யாணம் என்றால் காலை முகூர்த்தத்துக்கு மட்டும். ராத்திரி திருவிழா, ரிசப்ஷன், ஒரு டீ குடிக்கப் போவது... எதுவும் கிடையாது. "என் கையப் புடிச்சிக்கிட்டு வாங்களேன்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

"செஞ்சி பூரா நம்மள தெரியும். டிரைவரக் கையப் புடிச்சி இட்டுனு போறா பாருன்னுவானுங்க. நீ போய்ட்டு வா."

கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். அதுதான் எனக்குத் தாங்காது.

இந்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், பகல் பார்வையும் ஓரங்களில் சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். மெதுவாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பார்க்கணும்னு நெனைக்கிறத எல்லாம் தள்ளிப்போடாம பார்த்துடுங்க சார்."

செஞ்சி வந்து சேர்ந்ததும் தேனுவிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம், "ரெண்டு பேரும் இங்க கிளம்பி வாங்கம்மா" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

எப்போது போவது? டிசம்பரில் என்றாள் தேனு. ஏன் என்றால், துருவ ஒளி! வானத்தில் யாரோ பச்சைப் புடவையை உதறிக் காயப் போடுவது மாதிரி ஒரு வெளிச்சம் ஆடுகிறது. அதைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். தேனு ஒரு வீடியோ அனுப்பினாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கனவில்கூட வந்தது. எனக்கு இதைப் பார்க்கணும், பார்க்கணும் என்று நான் புலம்பாத நாளில்லை.

இவருக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. இவரைக் கட்டிப்போட்டது வேறொன்று. டிசம்பர் கடைசியில் அந்த ஏரி உறைந்துவிடுமாம். ஊர்க்காரர்கள் அதன் மேலேயே ரோடு போட்டு, ஏரியின் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவார்களாம்.

"தண்ணி மேலயா?" என்றார் மகளிடம்.

"ஐஸ் மேல நைனா. கீழ தண்ணி ஓடிட்டுதான் இருக்கும்."

"லாரி போவுமா?"

"ஐஸு நல்லா கெட்டியானதும் போவும். அது கெட்டியாயிட்டுதான்னு அளந்து பாத்து போர்டு வைப்பாங்க. மெதுவா போவணும். வேகமா போனா கீழ அலை எழும்பி ஐஸு ஒடையும்."

ஆறு கியர் பஸ்ஸில் பாதி வாழ்க்கையைக் கழித்த மனுஷன், வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். "பிரேக் போட்டா வழுக்காது?" "டயர் எப்படி இருக்கும்?" "நடுவுல வண்டி நின்னுட்டா யாரு தள்ளுவா?" பாவம் தேனு, ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்து ரோடு போக்குவரத்துப் பரீட்சையும் எழுதினாள்.

ஆக, டிசம்பர் என்று முடிவாயிற்று. இவரும் "டிசம்பரே போவலாம்" என்றார். ஸ்வெட்டர் வாங்கினோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடித்துவிட்டு வீடியோ காலில் தேனுவைக் கூப்பிட்டோம். ஏரிக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மஞ்சள் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினாள்.

"இன்னாம்மா, வேலைக்குப் போவலியா? வெயில் ஏறிப்போச்சே," என்றார் இவர்.

தேனு சிரித்தாள். "நைனா, இங்க ராத்திரி பதினோரு மணி."

"வெளையாடாத."

"நெஜமா நைனா. சனிக்கிழமை ராத்திரி. இரு, காட்றேன்."

போனைத் திருப்பினாள். ஏரி முழுக்கத் தகதகவென்று வெயில். ஒருவர் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் நாயோடு நடந்து போனார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரமே இல்லை. ராத்திரி பதினோரு மணி!

இவர் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"எப்ப இருட்டும்?"

"இப்ப இருட்டாது நைனா. சூரியன் கொஞ்ச நேரம் கீழ போயிட்டு உடனே வந்துரும். கீழ போனாலும் வெளிச்சம் இருக்கும்."

"எவ்ளோ வெளிச்சம்?"

"நம்மூர்ல சூரியன் விழுந்த உடனே இருக்குமே... அவ்ளோ."

இவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ரோட்டப் பக்கத்துல காட்டு."

தேனுவுக்கு முதலில் புரியவில்லை. எழுந்து நடந்து, ரோட்டுக்கு வந்து போனைக் கீழே காட்டினாள். கறுப்பு ரோடு. அதன் ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக்கோடு. போய்க்கொண்டே இருந்தது.

"தெரியுதும்மா," என்றார் இவர். "ஓரம் நல்லாத் தெரியுது."

அப்போதுதான் தேனுவுக்குப் புரிந்திருக்க வேண்டும். போனை அப்படியே பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டோடு நடந்தாள்.

இந்தப் பூமியில், இதே வானத்துக்குக் கீழே, ராத்திரி வராத ஓர் ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதிய விஷயம்தான். ஆனால், அந்த நிமிஷத்தில்தான் அது எனக்கு உண்மையானது. எங்கோ உலகத்தின் உச்சியில், என் வீட்டுக்காரருக்கு மறுக்கப்பட்ட ராத்திரிகளுக்கெல்லாம் யாரோ விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்!

"தேனு, டிசம்பர்ல சூரியன் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு மேலம்மா. மூணு மணிக்குப் போயிடும்." கொஞ்சம் தயங்கினாள். "நைனாவுக்குத் தெரியும். அப்பவே என்னக் கேட்டாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

நான் இவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சேவா டிசம்பர்னு சொன்னீங்க? அங்க போயும் ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பீங்களா?"

"நீதான அந்தப் பச்ச வெளிச்சத்தப் பாக்கணும்னு சொன்ன. நீ பாத்துட்டு வந்து எப்படி இருந்துச்சின்னு சொல்லு. எனக்கு அது போதும்."

நான் சண்டைதான் போட்டேன்.

"ஜூன்லதான் போறோம்."

"ஜூன்ல அந்த வெளிச்சம் தெரியாதாமே?"

"தெரியாட்டி பரவால்ல. வானம் எங்க போயிடப் போவுது? இன்னொரு தடவ நான் தனியாவே போய்ப் பாத்துக்கறேன்."

"ஐஸு ரோடும் இருக்காது..."

"ஏரி இருக்கும் இல்ல? படகுல போங்க!"

மகள் அங்கிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "முதல்ல ரெண்டு பேரும் சண்டைய முடிங்க. நான் அந்த மாசத்துக்கே லீவு எழுதிடறேன்."

விஷயம் தெரிந்து மறுநாள் காதர் பாய் வந்தார். முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். "ராத்திரி முழுக்க வெளிச்சமா? சுபானல்லா!" என்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அப்புறம் இவர் தோளில் தட்டினார்.

"அப்ப டிரைவரு மறுபடியும் நைட் சர்வீஸ் கிளம்பறாரு."

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பாய், டீ குடிக்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. விசாவுக்கு விரல் ரேகை வைக்கச் சென்னை போய்வந்தோம். விசா வந்துவிட்டது. அடுத்த ஜூனுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஜூனிலும் காற்று குளிரும் என்று தேனு சொன்னதால் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு மீதியைத்தான் கடையில் கொடுத்தேன்.

இப்போது இவர் திட்டம் போடுவதைக் கேட்க வேண்டுமே! பத்து மணிக்கு ராத்திரி சாப்பாடு. அப்புறம் ஏரிக்கரையில் நடை. நடந்து நடந்து படகுத்துறை வரைக்கும். ஒரு மணி வாக்கில் டீக்கடை திறந்திருக்குமா என்று தேனுவிடம் கேட்கிறார். திறந்திருக்காது, ஃபிளாஸ்க்கில் போட்டுத் தருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நேற்று மகளிடம் ஒரு வார்த்தை சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"உங்கம்மாளோட ராத்திரில நடந்து ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

டூர் என்றால் நாம் எதையோ பார்க்கப் போகிறோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மலை, கடல், கோட்டை, பச்சை வெளிச்சம்... சில பேர் அவ்வளவு தூரம் போவது, பக்கத்து ஆள் பயமில்லாமல் நடப்பதைப் பார்க்கத்தான் போல.

கிளம்புவதற்கு முன்னால் கட்டாயம் வாங்க வேண்டியது என்று தேனு ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள் — ராத்திரி நேரத்தில் வெளியே போகும்போது போட்டுக்கொள்ள, ஆளுக்கொரு கூலிங் கிளாஸ்!