கிளிவெட்டிச் சுலோஜனா கைதூக்கிய கதை

சுலோஜனாவை யாராவது "நல்ல பிள்ளை" என்று என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல பிள்ளைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவளோடு வருடக்கணக்காக ஒரே பஸ்ஸில் போய் வருகிறவள் நான். நல்ல பிள்ளையோடு பயணம் செய்வது எவ்வளவு பெரிய கரைச்சல் என்று எனக்குத்தான் தெரியும்.

கிளிவெட்டியில் ஏறி, மூதூர் தாண்டி அவள் வருவாள். கிண்ணியாவில் நான் ஏறுவேன். பஸ்ஸில் மதகுருமாருக்கு என்று ஒதுக்கிய முன்சீட் வெறுமையாகக் கிடக்கும். பின்னால் அவள் நின்றுகொண்டிருப்பாள்.

"இரேன் புள்ள, ஆரும் இல்லத்தானே?" என்பேன்.

"ஆராவது ஐயரோ மௌலவியோ ஏறினால்?"

"ஏறினா எழும்புவம்."

"எழும்புறதுக்கு ஏன் இருப்பான்?"

அவள் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்தால் பஸ்ஸே என்னைப் பாவி போலப் பார்க்கும். ஆகவே நானும் நிற்பேன். கால் நோக நோகப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் இரசாயனவியல் படிப்பிப்பேன். அவள் புள்ளிவிபரவியல்.

இந்தக் குணம் இன்று நேற்று வந்ததில்லை. சண்டைக் காலத்தில் ஊரே ஓடியபோது, பள்ளிக்கூட நூலகப் புத்தகம் ஒன்று அவள் பையில் இருந்ததாம். அகதிக் கூடாரத்தில் இருந்து ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கொண்டுபோய் அதிபரிடம் கொடுத்திருக்கிறாள். நூலகம் எங்கே இருந்தது? கூரையே இல்லை. அதிபர் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாராம். இவள் போகாமல் நின்று, "சேர், பிந்தினதுக்குக் குற்றப்பணம் இருக்கோ?" என்று கேட்டாளாம். பன்னிரண்டு வயதில்!

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மச்சான் தனுசன். அவளுடைய அப்பா சின்னப்போடியின் தங்கை அன்னப்பிள்ளை ஈச்சிலம்பற்றில் கலியாணம் முடித்தவர். அந்த மாமியின் ஒரே மகன் இவன். ஒன்றாக வளாகத்துக்கு வந்தார்கள். அவள் முதல்தர வகுப்பில் சித்தியடைந்து அங்கேயே படிப்பிக்க நின்றாள். அவன் மற்ற எல்லாப் பாடமும் முடித்துவிட்டு, புள்ளிவிபரவியல் என்ற ஒரே பாடத்தில் விழுந்து கிடந்தான். அதைப் படிப்பித்த அபூதாஹிர் சேர் அவனை இரண்டு தரம் பெயிலாக்கியிருந்தார். கெட்டிக்காரன்தான். செத்த போனைக் கொடுத்தால் உயிரோடு திருப்பித் தருவான். மூதூர்ச் சந்தியில் அவன் திருத்திக் கொடுக்காத போன் இல்லை.

இரண்டு பேருக்கும் சின்ன வயதிலேயே பேசிய கலியாணம். அவர்களுக்கும் அதில் நல்ல விருப்பம். நான் பஸ்ஸில் பக்கத்தில் நின்று எத்தனை போன் கதையைக் கேட்டிருப்பேன்! ஆனால் சின்னப்போடி மாமா ஒரே பிடியில் நின்றார்.

"என்ட தங்கச்சிட மகன்தான். அதுக்காக? பிள்ளை லெக்சரர், மாப்பிள்ளை பெயில் எண்டால் ஊர் சிரிக்கும். பட்டத்தை எடுத்துக்கொண்டு வரட்டும், கூரையைப் போடுறன்."

கூரை என்று அவர் சொன்னது மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் கூரை. சுவர் எழும்பி, கதவு நிலை வைத்து, அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்த வீடு. தனுசனுக்கு இன்னும் ஒரே ஒரு தரம்தான் சோதனை எழுத அனுமதி இருந்தது. அதிலும் விழுந்தால் பட்டமும் இல்லை, கூரையும் இல்லை, பெண்ணும் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் நியமனம் நிரந்தரமானது. அபூதாஹிர் சேர் புள்ளிவிபரவியல் பாடத்தை அப்படியே தூக்கிச் சுலோஜனாவின் கையில் கொடுத்தார். இனி அவள்தான் வினாத்தாள் செய்வாள், அவள்தான் திருத்துவாள். செய்தி ஈச்சிலம்பற்றுக்குப் போனதும் அன்னப்பிள்ளை மாமி ஒரு பெரிய சட்டித் தயிரோடு பஸ் ஏறிக் கிளிவெட்டிக்கு வந்து இறங்கினார்.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கொண்டு இனி ஏன் நெய்க்கு அலைவான்?" என்று மருமகளின் கன்னத்தைத் தடவினாராம். மருமகள் ஒன்றும் பேசவில்லையாம். அவள் பேசாமல் இருந்தால் நான் பயப்படுவேன். மாமிக்கு அது தெரியவில்லை.

அடுத்த கிழமை புதிய விரிவுரையாளர்களுக்கான அறிமுகப் பயிற்சி வந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் குளிரும். மண்டபத்து ஏசியை யாருக்கும் குறைக்கத் தெரியவில்லை. வெளியே, வளாகத்துக்குள் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மதிலோரம் படுத்திருந்தன, உள்ளே நாங்கள் பல் கிட்டிப்போய் இருந்தோம். லீவு எப்படி எடுப்பது, லீவு எப்படி எடுக்கக்கூடாது, கற்பித்தலின் நோக்கம் என்ன என்று ஒருவர் மாறி ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார்கள். நான் கற்பித்தலின் நோக்கத்தை விட்டுவிட்டு, தேநீர் வேளைக்கு வரப்போகும் ரோல்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒழுக்கக் கோவை பற்றிப் பேச அப்துல் மஜீத் சேர் வந்தார். ஓய்வுபெற்ற பதிவாளர், மூதூர் ஆள். படம் கிடம் ஒன்றும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒங்கட வகுப்பில ஒங்கட சொந்தக்காரர் ஆரும் படிச்சா முன்கூட்டியே சொல்லிரணும். அவங்கட பேப்பரை நீங்க செய்யவும் கூடாது, திருத்தவும் கூடாது. அவ்வளவுதான் விசயம். இப்ப ஆருக்கும் அப்பிடி ஆக்கள் இரிக்காங்களா?"

மனிதர் சும்மா கேட்டு வைத்தார். ஒருவரும் கை தூக்க மாட்டார்கள், பேச்சை முடித்துக்கொண்டு சாப்பிடப் போகலாம் என்று நினைத்திருப்பார். இந்த மாவட்டத்தில் போய் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? எங்கள் பக்கத்தில் சொந்தம் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

முதலில் ஹஸ்மி எழும்பினான். அவனும் கிண்ணியாதான். "சேர், என்ட பெண்சாதி ரெண்டாம் வருசம்."

"அவட பேப்பரைத் தொடாதீங்க. மிச்சத்த அவ பாத்துக்குவா. இரிங்க."

குச்சவெளியில் இருந்து வந்த மதிவதனா அடுத்தது. "சேர், எந்த முறை வரைக்கும் சொல்லவேணும்? சித்தப்பாட மச்சினன்ட பிள்ளையள் எண்டால்?"

"அது எப்பிடி ஒங்களுக்குச் சொந்தம்?"

"கொண்டாட்டத்துக்குச் சொல்லாட்டிக் கோவிப்பினம் சேர்."

மண்டபம் சிரித்தது. மஜீத் சேர் நெற்றியைத் தேய்த்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் பக்கத்தில் ஒரு கை மேலே போனது. மேசைக்குக் கீழே அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"கைய எறக்குடி! ஒனக்கு விசரா? ஆரு கேட்டா?"

"சேர் கேட்டவர்," என்றாள். எழும்பியும் விட்டாள்.

"என்ட மாமிட மகன் என்ட வகுப்பில சோதனை எழுதுறார், சேர். கலியாணமும் பேசியிருக்கு."

"அப்ப ரெட்டைச் சொந்தம்," என்றார் மஜீத் சேர். "என்ன பாடம், மகள்?"

"புள்ளிவிபரவியல்."

"அதுக்கென்ன, அபூதாஹிர் சேர் இரிக்காரே. இந்தத் தரம் பேப்பர் செய்யிறதையும் திருத்திறதையும் அவரே பாத்துக்குவார்."

முன்வரிசையில் இருந்த அபூதாஹிர் சேர் மெதுவாகத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆரு ஆள்?"

"தனுசன், சேர்."

"ஓ," என்றார் அவர். "அந்த ஆளா."

முடிந்தது. கிளிவெட்டி வீட்டுக் கூரை என் கண் முன்னாலேயே பறந்து போனது. ஆனால் இவள் உட்காரவில்லை.

"சேர், பேப்பர் செய்யிறதும் நான் இல்லை, திருத்திறதும் நான் இல்லை எண்டால், அவருக்கு வீட்டில வச்சுப் படிப்பிக்கலாமோ?"

"சமைக்கவும் சேத்துப் படிப்பிங்க, மகள். ஆரு வேணாங்கிற?"

தேநீர் வேளையில் அவளைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தேன். இருபது வருடம் போனாலும் மஜீத் சேரிடம் யாராவது வந்து கோள் சொல்லப் போகிறார்களா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வருகிற ஆவணியில் மேளம் கொட்டியிருக்குமே? வாழ்க்கையே போகிற இடத்தில் என்னடி உனக்கு அரிச்சந்திரன் வேலை? நான் ரோல்ஸைக் கூடத் தொடவில்லை, அவ்வளவு கோபம். அவள் தன் ரோல்ஸைத் தின்று முடித்து, என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏசிக் குளிர் இன்னும் விடவில்லை என்று நான் நினைத்தேன்.

இரண்டாவது பூகம்பம் கிளிவெட்டியில். துணைக்கு வா என்று கெஞ்சினாள், போனேன். செய்தி கேட்டு வந்திருந்த அன்னப்பிள்ளை மாமி குசினிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! ஆரும் அடிச்சுக் கேட்டவையோ? வேண்டாம் எண்டால் நேரே சொல்லியிருக்கலாமே, என்ட பிள்ளை என்ன வழியில கிடந்தவனோ?"

அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்தினார். எல்லாம் என் வழியாகத்தான். "றிஷானா மகள், உங்கட சிநேகிதியிட்டக் கேளுங்கோ, தேத்தண்ணி குடிக்கிறாவாம் எண்டு." சிநேகிதி பக்கத்திலேயே நிற்பாள். "குடிப்பன் எண்டு சொல்லு," என்பாள் என்னிடம். சின்னப்போடி மாமா வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "சட்டம் எண்டால் சட்டம்தானே," என்று முணுமுணுத்தார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகுதான் தனுசனுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. பூசாத சுவர்கள் நாலு இருக்கக் கரும்பலகை எதற்கு? பின்னேரமானால் அந்தக் கூரையில்லா வீட்டுக்குள் அவனை வரவழைத்து, வெண்கட்டியால் சுவர் முழுக்க எழுதினாள் சுலோஜனா. வரவேற்பறை நிறைய நிகழ்தகவு, படுக்கையறை நிறைய நியம விலகல். அவன் கணக்கை மனத்தால் போட்டு விடையை மட்டும் சொல்லுவான். அவள் செய்கைப் படிகளைக் கேட்பாள். இரண்டு பேருடைய சத்தமும் வயல் வரைக்கும் கேட்குமாம்.

"றிஷானா," என்று எனக்குப் போன் எடுத்து அழுதான். "அபூதாஹிர் சேர் பெயில்தான் ஆக்கினவர். இவள் உயிரை எடுக்கிறாள்."

"எடுக்கட்டும். சீதனத்தோட சேத்துக் கணக்கு வச்சுக்கோ," என்றேன்.

சோதனை வந்தது, போனது. முடிவு வர இழுத்தடித்தார்கள். அந்தக் காலம் முழுக்கப் பஸ்ஸில் அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் எதைக் கதைத்தாலும் "ம்" தான் பதில். ஒருநாள் கிண்ணியாப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது என் போனுக்குத்தான் முதலில் பட்டியல் வந்தது. தனுசன் பாஸ். தாராளமான பாஸ் என்று சொல்ல முடியாது, வாசற்படியில் கால் வைத்தமாதிரி ஒரு சி. பஸ் என்றும் பாராமல் நான் கத்திவிட்டேன். அவள் அப்படியே போய் அந்த மதகுருமார் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளிவெட்டியில் விருந்து. நான் வட்டிலப்பம் கொண்டு போனேன். நான் ஹலால் பார்ப்பேன் என்று முற்றத்து அடுப்பில் தனிச் சட்டி வைத்து மீன் காய்ச்சியிருந்தார் அன்னப்பிள்ளை மாமி. சின்னப்போடி மாமா கூரை மரத்துக்கு ஆள் பேசிவிட்டார். எல்லாரும் பாயில் இருந்தோம். மாமி பரிமாறிக்கொண்டே, இன்னும் ஆறாத மனத்தோடு, அந்தச் சண்டைக்குப் பிறகு முதன்முறையாக நேரே மருமகளிடம் கதைத்தார்.

"என்ன இருந்தாலும் நீ திருத்தியிருந்தால் என்ட பிள்ளைக்கு ஏ வந்திருக்கும்."

சுலோஜனா அவரைப் பார்க்கவில்லை. தனுசனைப் பார்த்தாள். "கடைசிக் கேள்வி எப்பிடிச் செய்தனீ?"

"விடை சரி," என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு.

"படி?"

"நேரம் காணேல்ல. விடையை மட்டும் எழுதினனான். அதுக்கு முதல் ரெண்டுக்கும் அப்பிடித்தான். சேர் பாதியாவது போட்டிருப்பார் போல."

அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

"நான் திருத்தியிருந்தால் நீ பெயில்."

மாமியின் அகப்பை அப்படியே நின்றது. "என்னடி சொல்லுறாய்?"

"படி இல்லாட்டி என்ட கையால ஒரு புள்ளி விழாது, மாமி. போடுவம் எண்டு நினைச்சாலும் எனக்குப் போட ஏலாது. எனக்கு என்னைத் தெரியும். அண்டைக்குச் சேர் கேட்ட உடன எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கினது. இவன்ட பேப்பர் என்ட மேசைக்கு வந்தால் நான் பெயிலாக்கிப் போடுவன் எண்ட பயத்திலதான் கையைத் தூக்கினனான். நானே பெயிலாக்கிப் போட்டு, பிறகு நான் ஆரைக் கட்டுறது? எனக்கு இவன்தான் வேணும்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். இத்தனை மாதமாக வளாகம் முழுக்க இவளுடைய நேர்மையைப் பற்றிப் புலம்பித் திரிந்தவள் நான். அந்த இடத்திலேயே அவள் தலையில் ஒரு குட்டுப் போட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

தனுசன் பிசைந்த சோற்றுக் கையோடு அவளையே பார்த்தான். "அப்ப உனக்கு என்னில நம்பிக்கையே இல்லையோ?"

"உன்னில இருக்கு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உன்ட பேப்பரிலதான் இல்லை."

மாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏனடா, ரெண்டு வரி கூட எழுதினால் உன்ட கை முறிஞ்சு போகுமே?" என்று அகப்பைக் காம்பால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு சட்டிக்குள் கிளறி, அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மீன் தலையை எடுத்து மருமகளின் சோற்றுப் பீங்கானில் போட்டார்.