ஒருபக்கமாக உட்கார்வது

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, லைசென்ஸ் எடுக்கும் வயதை நெருங்கிய பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்லித்தர எங்கள் பள்ளிக்கு ஓர் அதிகாரி வந்தார். பையன்களை முன்னால் உட்காரவைத்து, பிரேக், வளைவு, முந்திச் செல்வது என்று ஒரு மணி நேரம் பேசினார். பின்னால் உட்காருபவர் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தடையில் ஆள் கீழே என்றார். பிறகு கடைசி வரிசைகளில் இருந்த எங்களைப் பார்த்தார்.

"பொண்ணுங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். துப்பட்டாவ சக்கரத்துல வுட்டுறாதீங்க."

எங்கள் பாடம் அவ்வளவுதான். நான் எழுந்து, பெண்களை எல்லோரும் ஒருபக்கமாகத்தானே உட்காரவைக்கிறார்கள் என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். "கெட்டியா புடிச்சிக்கோம்மா" என்று அதிகாரியும் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வருடம்தான் சிதம்பரம் சாலையில், ஒரு வேகத்தடையில், மாமாவின் பைக்கிலிருந்து அத்தை விழுந்திருந்தார். அதிலிருந்து அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலைவார என் அம்மாதான் வர வேண்டும். மாமாவோ அதைக் கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அரிசி மூட்டைய வெச்சாகூட அசையாம வருது. இவ தூங்கி வுழுந்துட்டா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார்.

அதிகாரி வந்துபோன வாரமே, ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் எனக்குப் பேச்சுப்போட்டி. மாமாதான் கூட்டிப்போவதாக ஏற்பாடு. "எங்க வூட்டுலயே மொத மொத படிக்கிற புள்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு பைக்கை உதைத்தார். நான் சுடிதார் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன்.

வண்டி நகரவில்லை.

"எறங்கு. ஒழுங்கா ஒக்காரு."

"இதான் ஒழுங்கு மாமா. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"ஆம்பள மாதிரி காலப் போட்டுகிட்டு எங்கூட வருவியா? ஊரு காறித் துப்பும். படிக்க அனுப்புனா இதத்தான் கத்துக்கினு வர்றியா?"

இறங்கினேன். ஆனால் வாயை மூடவில்லை.

"அத்த தூங்கி வுழல மாமா. ஒருபக்கமா ஒக்கார வெச்சி, நீங்க வேகமா ஏத்துனதாலதான் வுழுந்துச்சி."

மாமாவின் முகம் கறுத்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அத்தை வாசலில் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவரையே பார்த்தேன்.

"வாய மூடுடி" என்றார் அத்தை. "உனக்கென்னா தெரியும்? நான் தூங்கிட்டுதான் வுழுந்தேன்."

மாமா தெருவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்கோங்கப்பா, வக்கீலம்மா கேசு தோத்துடுச்சி!"

நான் ஒருபக்கமாக ஏறவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன். கூட்டத்தில் நசுங்கி நின்றுகொண்டே சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது, என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மாமா மேல் எனக்கு இருந்த கோபம் இன்றும் தீரவில்லை. ஆனால் அன்று வழி முழுக்க நான் திட்டியது அத்தையைத்தான். அவருக்காகப் பேசிய என்னை அத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாரே என்று. எனக்கு ஏறிப்போக ஒரு பஸ் இருந்தது. மறுநாள் கைக்கு எண்ணெய்க்கட்டுப் போடப் போவதென்றாலும் அத்தை அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால்தான் ஏற வேண்டும் என்பது, அவ்வளவு படித்த எனக்கு அப்போது தெரியவில்லை.