பைபிளம்மா சொல்லாத பொய்

திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானம். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே என் தம்பி ஓடி வருகிறான். வாய் திறந்திருக்கிறது, ஒரு கை மார்போடு ஒட்டியிருக்கிறது, அரைக்கால் சட்டை நழுவுகிறது. ஓட்டம் முடியும் இடத்தில் பைபிளம்மா குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து, தொண்டை கிழிய அவன் பெயரைக் கத்திக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதே கிடையாது. அவன் பிறந்ததிலிருந்து அவனைப் பற்றி அடக்கித்தான் பேசினோம்.

எழுபதுகளின் கடைசி அது. சித்தூரில் எங்கள் சபையின் பைபிள் உமன் அவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்து ஜெபம் செய்வது வேலை. அடுப்படி வரை போகிறவர் என்பதால், எந்த வீட்டுப் பின்கட்டில் புத்தி வளராத பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது போதகருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைத்தான் சனிக்கிழமைதோறும் கூட்டிப்போய் ஓடவும் பந்து எறியவும் பழக்கினார். யாரும் கேட்காமல், சம்பளத்துக்கு வெளியே செய்த வேலை. சபையில் கேலிக்குப் பஞ்சமில்லை. "பைத்தியங்களுக்கு டிரில் மாஸ்டர்" என்பார்கள்.

நைனா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவோம். வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். சுகமளிக்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் திருப்பதியில் நடந்த ஓட்டப்போட்டிக்குக் கூப்பிட்டது பைபிளம்மா என்பதால், அதையும் அப்படி ஒரு கூட்டம் என்றே நினைத்துவிட்டார். ஓடி முடித்தால் சுகம். திருப்பதியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, எப்போது பேசுவான் என்று தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். தம்பி பரிசாகக் கிடைத்த சோப்புப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினான். வீடு வந்து சேருமுன் வழக்கமான வலிப்பு வந்தது.

அடுத்த சனிக்கிழமை வாசலில் வைத்தே நைனா கேட்டார். "சொஸ்தமாவான்னு ஒரு வார்த்த சொல்லும்மா. வருஷம் பூரா அனுப்புறேன்."

"சொஸ்தமாவ மாட்டாண்ணா. ஓடுவான். சந்தோஷமா இருப்பான். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"அதுக்கா இம்மாந்தூரம் இட்டுக்கினு போனே?" என்றார் நைனா. அன்றோடு தம்பியை அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

எனக்குப் பைபிளம்மா மேல்தான் ஆத்திரம். ஒரே ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? என் தம்பி வாரத்தில் ஒரு நாளாவது வெயிலைப் பார்த்திருப்பானே. பொய்யை நம்பி அனுப்புகிறவர்கள் அடுத்த வலிப்பில் பிள்ளையை இன்னும் வெறுப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ. இன்று வரை எனக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை.

ஓடப் பழகின கால் சும்மா இருக்குமா? தம்பி தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டான்; லாரியில் அடிபடாமல் தப்பியது பெரிய விஷயம். நைனா அம்மாவின் பழைய புடவையால் அவன் காலைக் கட்டிலோடு கட்டிவைத்தார். சனிக்கிழமை தவறாமல் பைபிளம்மா வாசலில் வந்து நின்று, "இன்னிக்கி அனுப்புறீங்களாண்ணா?" என்பார். அந்தக் குரல் கேட்டதும் தம்பி முடிச்சைப் பிடித்து இழுப்பான். நைனா கதவைச் சாத்திவிடுவார். பைபிளம்மா மற்றப் பிள்ளைகளோடு போய்விடுவார். அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு தம்பி போய்விட்டான். உடம்பைக் குளிப்பாட்டியபோது கணுக்காலில் புடவை அழுத்திய தடம் கறுத்துக் கிடந்தது. நைனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது இப்படிப்பட்ட போட்டிகளில் தொண்டர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். நல்லதுதான், போர்த்தட்டும். பைபிளம்மாவுக்கு யாரும் போர்த்தவில்லை. நைனாவுக்கும்தான். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நைனா சட்டை போட்டுக்கொண்டு பைபிளம்மாவுக்காக வாசலில் காத்திருந்தார். "இன்னிக்கி எந்த ஊட்டுக்கு?" என்று கேட்டார். கார்வேட்டிநகரத்தில் ஒரு பெண் பிள்ளை, போகும்போதெல்லாம் கதவைச் சாத்துகிறார்கள் என்றார் அவர். நைனா என்னையும் கூட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினார்.

அந்த வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "இதெல்லாம் ஆடுனா பொண்ணு சரியாயிடுமா?" என்றார். பைபிளம்மா வாயைத் திறக்குமுன் நைனா முன்னால் போனார்.

"சரியாவாது. எம்புள்ளயும் சரியாவல. கட்டிப் போட்டேன். கட்டுன தழும்போடவே போயிட்டான். நீ உம்பொண்ண அனுப்புப்பா."